தம்பிக்கு வாங்கின மின்விதிப் புத்தகங்கள்

— அந்தப் பையைக் கீழ வைக்காதீங்க, தலைவரம்மா. பேஸ்மெண்ட்ல மழைத் தண்ணி கசிஞ்சு தரையெல்லாம் ஈரம். மேஜை மேல வைங்க. ஆனா உள்ள இருக்கிறதப் பாத்தா ஈரத்துல போட்டாலும் தப்பில்லன்னுதான் தோணுது.

— பியோ, நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தப் புத்தகங்கள்ல என் தம்பி முதல்ல எதைப் படிக்கணும்?

— எதையுமே படிக்கக் கூடாது.

— கொழுப்பா?

— அக்கறைம்மா. இதப் படிச்சிட்டு எலக்ட்ரீஷியன் பரீட்சைக்குப் போனா ஃபெயிலாவார். இதப் படிச்சிட்டு வேலைக்கு வந்தா, அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன். கியுச்சோல் தம்பி நூறு வருஷம் இருக்கட்டும்.

— என் தம்பி பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே.

— தெரியாமயா? லிஃப்டுக்குள்ளயே நோட்டீஸ் ஒட்டிட்டீங்க. இன்னிக்கு சாயங்காலம் அபார்ட்மெண்ட் கமிட்டி. மூணாவது விஷயம், கரண்ட் ரூம் பொறுப்புலேருந்து பியோ டேசிக்கை எடுக்கிறது. இன்னிக்குக் காலையில ரெண்டாவது மாடி தாத்தா என்கிட்ட துக்கம் விசாரிச்சிட்டே போனார்.

— அது கமிட்டி முடிவு. நான் வெறும் தலைவர்.

— ஆமா, நீங்க வெறும் தலைவர். உங்க தம்பி வெறும் தம்பி. என்னை வெளிய அனுப்பிட்டு அவரை இந்த நாற்காலியில உக்கார வைக்கப் போறீங்க. அதுக்கு அவர் என்ன படிக்கணும்னு என்கிட்டயே கேக்க வந்திருக்கீங்க. ஆட்டை வெட்டுறதுக்கு முன்னாடி, கத்தியில எந்தப் பக்கம் கூருன்னு ஆட்டுக்கிட்டயே கேட்ட மாதிரி.

— வளவளன்னு பேசாதீங்க. பரீட்சை ஆகஸ்ட்ல. அதுவரைக்கும் ஏஜென்சி ஆள் ஒருத்தர் வந்து பாத்துக்குவார். நம்ம அளவு கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் போதும்னு விசாரிச்சாச்சு. நீங்க எப்படியும் போகப் போறவர். போற நேரத்துல ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போங்களேன்னு மரியாதைக்குக் கேக்குறேன்.

— என்மேல அப்படி என்ன குத்தம்? அதையாவது மரியாதைக்குச் சொல்லுங்க.

— உங்க வாய்தான். ஏழாவது மாடி டீச்சரம்மாகிட்ட என்ன சொன்னீங்க?

— ஒரே பிளக்குல மூணு ஹீட்டரைச் சொருகிட்டு, ஏன் கரண்டு போகுதுன்னு கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்கன்னு கேட்டேன்.

— அழுதிருக்காங்க அவங்க.

— அழட்டும். வீடு பத்திக்கிட்டிருந்தா அழக்கூட நேரம் இருந்திருக்காது.

— பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன். பேஸ்மெண்ட்ல உக்காந்து ஃபியூஸ் மாத்துற ஆளுக்கு நீதிபதின்னு நெனப்பு. சரி, புத்தகத்துக்கு வாங்க. எனக்கு மேல வேலை இருக்கு.

— எங்க வாங்கினீங்க இத?

— போன் ஆப்ல. பக்கத்துப் பேட்டையில யாரோ விக்கிறதா போட்டிருந்தாங்க. மொத்தக் கட்டும் ஒரு பொரிச்ச கோழி விலைதான். அவங்க வீட்டுக் கதவுக் கைப்பிடியில மாட்டி வச்சிருந்தாங்க, எடுத்துட்டு வந்துட்டேன். ஆள் முகத்தைக்கூடப் பாக்கல.

— கோழியையே வாங்கியிருக்கலாம். தம்பி ஒரு வேளையாவது நல்லா சாப்பிட்டிருப்பார். முகத்தைக் காட்டாம வித்தவன் புத்திசாலி.

— அட்டைகூடக் கசங்கல. நல்லா இருக்கு.

— அட்டை நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கத்தைப் பிரிங்க. நீலக் கம்பின்னா என்னன்னு போட்டிருக்கான்? சத்தமாப் படிங்க.

— எனக்கு வேற வேலையில்லையா? சரி. "நீலம், மூணாவது ஃபேஸ்." போதுமா?

— அப்படின்னா என்ன?

— எனக்கெப்படித் தெரியும்?

— தொட்டா ஆள் காலின்னு அர்த்தம். இது பழைய பதிப்பு, தலைவரம்மா. விதியை மொத்தமா மாத்தி வருஷக்கணக்காச்சு. எர்த்து போடுறதுல ஒண்ணாம் வகை, ரெண்டாம் வகைன்னு இருந்ததெல்லாம் போச்சு. கம்பியோட கலரும் போச்சு. புது விதியில நீலம்னா நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போற கம்பி. அதுக்காக அதையும் கொஞ்சக் கூடாது. ஆனா அது வேற, இது வேற. இப்ப நம்ம கட்டடத்தை எடுத்துக்குங்க. ஆறாவது மாடி வரைக்கும் பழைய வயரிங். அதுக்கு மேல போன வருஷம் மாத்தினது. உங்க தம்பி இந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டு ஏணியில ஏறினா, எந்த மாடியில எந்த நீலம்னு தெரியாது. அவரோட முப்பத்தெட்டு வயசுக்கு நான் பொறுப்பில்ல.

— ஊர்ல யாருக்கும் தெரியாத ரகசியம் மாதிரி பேசாதீங்க. பழைய பதிப்புன்னா புதுப் பதிப்பு வாங்கிட்டாப் போச்சு. அந்த மெல்லிசுப் புத்தகம்? அது புதுசுதான். நானே கடையில வாங்கினது.

— "ஏழே நாள்ல மின்விதிகள்". வாத்தியார் படத்தைப் பாருங்க. கோட்டு, டை, முப்பத்திரண்டு பல்லும் வெளிய. இது ஸ்க்ரூடிரைவர் பிடிச்ச கையா? மைக்கு பிடிச்ச கை. இவர் வீட்டுல பல்பு போனா எனக்குத்தான் போன் பண்ணுவார்.

— நோர்யாங்ஜின் கோச்சிங் தெரு முழுக்க அவர் வகுப்புக்குத்தான் வரிசையில நிக்கிறாங்க.

— நிக்கிறாங்க. அடுத்த வருஷமும் அவங்களேதான் நிப்பாங்க. ஏழு நாள்ல ஏறினது எட்டாவது நாள்ல இறங்கிடும்.

— இந்தத் தடிப் புத்தகம்?

— அது சாட்சாத் விதியே. அரசாங்கம் போட்டது. யார் சொல்லி வாங்கினீங்க?

— நானே வாங்கினேன். விதியைப் படிக்கணும்னா விதிப் புத்தகத்தைத்தானே படிக்கணும்? இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா?

— எல்லாரும் பண்ற தப்பு அதான். சமைக்கத் தெரியாதவன் அரிசி மண்டியை விலை பேசின கதை. இதை முதல் பக்கத்துலேருந்து படிக்க ஆரம்பிச்சவன் எவனும் எர்த்து அத்தியாயத்தைத் தாண்டினதில்ல. கேள்வியிலேருந்து விதிக்குப் போகணும்மா. விதியிலேருந்து கேள்விக்குப் போனா வயசாயிடும்.

— படத்துல வர்ற சாமியார் மாதிரி புதிர் போடாம நேரா சொல்லுங்க.

— நான் எந்தப் படத்தைக் கண்டேன். நேராவே சொல்றேன். போன பத்து வருஷக் கேள்விகள், புது விதிக்குத் திருத்தி எழுதினது, ஒரே ஒரு புத்தகம். அதையே மூணு தடவை போடணும். தப்பாப் போன கேள்விக்கு மட்டும் இந்தத் தடியைத் திறந்து, ஏன் தப்புன்னு பாத்துட்டு மூடிடணும். மத்ததெல்லாம் அலங்காரம்.

— இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு அலட்டல்?

— இவ்வளவுதான். ஆனா உங்க தம்பி ஒரு தடவைகூட முடிக்க மாட்டார்.

— அவனைப் பாத்தது உண்டா நீங்க?

— போன மாசம் வந்திருந்தாரே. வந்து அந்தப் பேனலைப் பாத்து, "இதுல எந்த பட்டனை அழுத்தினா என்ன ஆகும்"னு கேட்டார். எதையும் அழுத்தாம இருந்தா சம்பளம் வரும்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

— அவன் அப்படித்தான். காபிக் கடை வச்சான், மூடினான். பக்கத்துலயே இன்னொண்ணு வச்சான், அதையும் மூடினான். எனக்குத் தெரியாதா அவனைப் பத்தி? அதனாலதான் இந்த வேலை. எதுக்கும் லாயக்கில்லாதவனுக்குன்னு உலகத்துல ஒரு வேலை இருக்குன்னா அது இந்தக் குழிக்குள்ள இருக்கிற வேலைதான். குளிர்காலத்துல சூடா இருக்கும், வெயில்ல குளுகுளுன்னு இருக்கும், யாரும் வர மாட்டாங்க. உங்களையே பாக்கறேனே.

— கொஞ்சம் மெதுவா பேசுங்க, தலைவரம்மா.

— ஏன்? சுடுதா?

— எனக்குச் சுடல. பழகிடுச்சு. இருந்தாலும் மெதுவா பேசுங்க.

— நான் ஏன் மெதுவா பேசணும்? பாங் மிரான் யாருக்கும் பயந்து மெதுவா பேசினதில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன், கியுச்சோலைக் கரண்ட் ரூம்ல போடப் போறேன்னு. மனுஷன் சோத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். அவருக்கே வெக்கமாப் போச்சு. மச்சான் ஃபியூஸ் மாத்துறான்னு ஆபீஸ்ல யாருக்காவது தெரிஞ்சா என்ன ஆகிறது?

— மியோங் டைரக்டரை இதுல இழுக்க வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? அவர் ஒரு கையெழுத்துக்குத் துறைமுகத்துல கப்பல் காத்துக்கிடக்குது. முப்பது வருஷ சர்வீஸ். இந்த மனுஷன் கையில ஒரு ஸ்க்ரூடிரைவரை நான் பாத்ததில்ல. பிச்சை எடுத்தாலும் எடுப்பார், இந்த மாதிரி ஓட்டைக்குள்ள வந்து உக்கார மாட்டார்.

— அவர் என்ன பண்ணுவார், என்ன பண்ண மாட்டார்னு அவர் சொல்லட்டும்.

— என் புருஷனைப் பத்தி எனக்கு நீங்க சொல்றீங்களா?

— ஒண்ணும் சொல்லலியே. புத்தகத்தைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். தம்பிக்கு நல்ல புத்தகம் வேணும், அவ்வளவுதானே? என்கிட்ட புதுப் பதிப்பு ஒண்ணு இருக்கு. நாளைக்கு நானே மேல கொண்டுவந்து குடுக்கறேன். இப்பக் கிளம்புங்க.

— நாளைக்கு நீங்க இங்க இருந்தாத்தானே. புத்தகம் இப்ப எங்க?

— ஒருத்தர் வாங்கிட்டுப் போயிருக்கார்.

— புத்தகம் வந்தாலும் ஒண்ணுதான். வீட்ல இருந்தா கியுச்சோல் படிக்கவும் மாட்டான். டிவி, தூக்கம், என் பிரிட்ஜு. நாளையிலேருந்து அவன் இங்க வந்து படிக்கட்டும். அந்த உள் ரூம் இருக்கே, ராத்திரி ஷிஃப்ட் ஆள் படுக்கிறதுக்குக் கட்டினது. அதுல மேஜை இருக்குல்ல?

— இருக்கு.

— சாவியைக் குடுங்க.

— அந்த ரூம் முடியாது.

— முடியாதா? யார் வீட்டுச் சொத்து அது?

— பழைய சாமான் போட்டு வச்சிருக்கேன். பேட்டரி, ஆசிட் எல்லாம். மூச்சு முட்டும்.

— அங்க என்ன சத்தம்?

— டிரான்ஸ்பார்மர்.

— டிரான்ஸ்பார்மர் இருமுமா, பியோ?

— மழைக்காலம். அதுக்கும் சளி பிடிக்கும்.

— விளையாடாதீங்க. உள்ள ஆள் இருக்கு. கதவைத் திறங்க.

— தலைவரம்மா, நான் சொல்றதைக் கேளுங்க.

— வெளியாளைக் கரண்ட் ரூமுக்குள்ள விடக் கூடாதுன்னு கதவுல சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. ரெண்டு ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கு. எனக்கு இவ்வளவு நேரம் விதியைப் பத்தி பாடம் எடுத்தீங்களே, அது எந்தப் பதிப்பு? பழசா, புதுசா?

— ரெண்டுலயும் அது தப்புதான்.

— ஒத்துக்கறீங்க. நல்லது. எனக்கு இனிமே வோட்டே வேண்டாம். வேலையை விட்டு மட்டுமில்ல, இந்தப் பக்கத்துல ஒரு கட்டடத்துலயும் உங்களைச் சேத்துக்க மாட்டாங்க. நாலு காம்ப்ளெக்ஸ் தலைவர்களோட மாசா மாசம் சாப்பிடறவ நான்.

— சரி, நானே எழுதிக் குடுத்துடறேன்.

— என்னத்த?

— ராஜினாமா. கமிட்டிக்கு முன்னாடி உங்க கையில தந்துடறேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இந்த வேலை வேணும்னு நெனச்சிருந்தேன். போகட்டும். வோட்டு, வாக்குவாதம் எதுவும் வேண்டாம். ஏஜென்சி ஆளுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டுப் போறேன். ஒரே ஒரு உதவி. உள்ள இருக்கிறவரைப் பரீட்சை வரைக்கும் விட்டுடுங்க. அந்த ரூம் இல்லன்னா அவருக்குப் போறதுக்கு இடமில்ல.

— பரீட்சையா? உள்ள இருக்கிறவனும் இதே பரீட்சைக்குப் படிக்கிறானா?

— படிக்கிறார்.

— யாரு? உங்க சொந்தக்காரனா?

— இல்ல.

— அப்புறம் எதுக்கு அவனுக்காக வேலையை விடறீங்க? இவ்வளவு நேரம் என்னை, என் தம்பியை, டீச்சரை, வாத்தியாரை, எல்லாரையும் மட்டமாப் பேசின வாய் இது. இவனுக்கு மட்டும் "அவர், இவர்".

— ஒரு நாள் லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள மாட்டிக்கிட்டார். திறந்து விட்டேன். "பியோ சார், ரொம்ப நன்றி"ன்னார். பதினோரு வருஷத்துல இந்தக் கட்டடத்துல என்னை யாரும் சார்னு கூப்பிட்டதில்ல. அப்பவே வெளிய போக மனசில்லாம நின்னார். காலையில எல்லாரும் போற நேரம், பையைப் பிடிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னார். உள்ள வந்து உக்காருங்கன்னேன். அவ்வளவுதான் நடந்தது. புத்தகம் நான்தான் சொன்னேன். ரெண்டாவது தடவை போட்டுட்டிருக்கார். நல்ல மூளை. தெரியாததை வெக்கப்படாம கேப்பார்.

— அப்ப இந்தக் கட்டடத்து ஆளா?

— நான் அப்படிச் சொல்லல.

— லிஃப்ட்ல மாட்டினவன் வேற எந்தக் கட்டடத்து ஆள்? எந்த மாடி?

— வேண்டாம், தலைவரம்மா. புண்ணியமாப் போகும், விட்டுடுங்க.

— அப்படியா சங்கதி. வேலை போயி, வீட்டுல சொல்லத் துப்பில்லாம, நம்ம கரண்டைப் போட்டு நம்ம ரூமுல பகல் பூரா ஒளிஞ்சு உக்காந்திருக்கான் ஒரு வெட்டிப்பய. எனக்கு இந்த ஜாதியைத் தெரியும். எங்கப்பா அப்படி உக்காந்தவர்தான். தொண்ணூத்தேழுல ஃபேக்டரியை மூடினாங்க. அன்னியிலேருந்து சாகிற வரைக்கும் வீட்டு மூலையில உக்காந்திருந்தார். எங்கம்மாவுக்கு மீன் கழுவிக் கழுவிக் கை அழுகிப் போச்சு. பகல்ல வீட்டுல ஆம்பிளை உக்காந்திருந்தா அந்த வீடே நாறும், பியோ. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா கதவைத் திறக்கவே பிடிக்காது. அவர் செத்தப்பகூட எனக்கு அழுகை வரல.

— அதனாலதான் இவரும் வீட்டுல சொல்லல.

— என்ன?

— ஒண்ணுமில்ல.

— சொல்லாம இருந்தா பெரிய தியாகியா? கோழை. அவன் பொண்டாட்டியை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. காலையில டை கட்டி அனுப்பி வச்சு, ராத்திரி சோறு போட்டு, புருஷன் பகல்ல எங்க போறான்னுகூடத் தெரியாம ஒருத்தி இந்தக் கட்டடத்துல இருக்கா. எவ்வளவு மக்கா இருக்கணும் அவ? இன்னிக்குக் கமிட்டியில எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். மினிட்ஸ்ல எழுதப் போறேன். பேரைச் சொல்லுங்க.

— மாட்டேன்.

— கடைசித் தடவை கேக்குறேன். பேரு, மாடி.

— என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. அவர் பேர் என் வாயிலேருந்து வராது. ஐயா, நீங்க உள்ளயே இருங்க, கதவைத் திறக்காதீங்க.

— போதும், பியோ சார், இதுக்கு மேல நீங்க திட்டு வாங்க வேண்டாம். எழுதிக்கோ, மிரான். மியோங் ஹோஜுன், பன்னண்டாவது மாடி. கம்பெனியில என்னைப் பிப்ரவரியிலேயே அனுப்பிட்டாங்க.